மீண்டும் வருமா? தோல் புற்றும் புரதங்களின் சாட்சியும்

திருச்சி நகரில் நத்ஹர் வலி தர்கா இருக்கும் பகுதியிலிருந்து புறப்பட்டு, மலைக்கோட்டையை ஒட்டி வடக்கே சென்று காவிரிப் பாலத்தில் ஏறினால், எதிர்க்கரையில் தென்னைகளுக்கு மேலே திருவரங்கத்தின் கோபுரங்கள் தெரியும். பாலம் முடியுமிடம் மாம்பழச்சாலை. இடப்புறம் திரும்பினால் திருவரங்கம். வலப்புறம் சென்றால் திருவானைக்காவல். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே கிடக்கும் இந்தத் தீவில், திருவானைக்காவலில், தம் தாய்வழிப் பாட்டனார் இல்லத்தில் 1888ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள் பிறந்தவர்தாம் சர் சி.வி. இராமன்.

தோலில் தோன்றும் அரிய புற்றுநோய்களைப் பற்றி எழுதப் புகுந்த நாம், ஒளியை ஆராய்ந்த ஓர் அறிஞரின் பிறந்த ஊரில் தொடங்குவானேன் என்று நேயர்கள் வினவலாம். காரணம் உண்டு. புற்றுநோய் ஒன்றை அறுத்து எடுத்த பின்னும் நோயாளியின் நெஞ்சைவிட்டு அகலாத கேள்வி ஒன்று இருக்கிறது: மீண்டும் வருமா? அக்கேள்விக்கு விடை சொல்லவல்ல சாட்சிகளை மனித உடலிலுள்ள புரதங்களிடையே அறிவியல் தேடிக்கொண்டு வருகிறது. அத்தேடலின் வரலாறு குர்துபாவில் தொடங்கி, இலண்டன், சென்னை, சியாட்டில் எனப் பல ஊர்களைக் கடந்து வந்து, இந்தக் காவிரித் தீவையும் தொட்டுச் செல்கிறது.

தூக்கி எறியப்பட்ட சாட்சி

வரலாற்றுக்குள் நுழையுமுன் நம் உறவில் நிகழ்ந்த ஒன்றைச் சொல்லிவிடுவோம். திருச்சியில் ஜவுளி வாணிபம் செய்து வந்த பெரியத்தா ஒருவர். அவருடைய வலது தோளில், பழைய தழும்பு தடித்ததுபோல, மொச்சைக் கொட்டை அளவில் ஒரு கட்டி இருந்தது. வலி இல்லை, அரிப்பும் இல்லை. சட்டை உரசுகிறதே என்பதற்காகவே அதை ஒரு மருத்துவரிடம் காட்டினார். கொழுப்புக் கட்டிதான் என்று கூறி, மரத்துப்போக ஊசி போட்டு, அரைமணி நேரத்தில் வெட்டி எடுத்துத் தையலும் போட்டுவிட்டார்கள். எடுத்த சதையைச் சோதனைக்கு அனுப்பவில்லை. அனுப்ப வேண்டுமா என்று நம்மவரும் கேட்கவில்லை.

நான்காம் ஆண்டு அதே தழும்பின் மேல் இரண்டு முடிச்சுகள் எழுந்தன. இம்முறை சென்னைக்குச் சென்றார்கள். பயாப்சி முடிவு வந்தபோது, நாம் யாரும் அதுவரை கேட்டிராத நீண்ட பெயர் ஒன்று அதில் இருந்தது: டெர்மட்டோஃபைப்ரோசார்கோமா புரோட்டுபெரன்ஸ். தோலின் ஆழத்தில் தோன்றும் அரிய புற்றுநோய். பெரிய மருத்துவர் முதலில் கேட்ட கேள்வி இதுதான்: "முதல் தடவை எடுத்த சதை எங்கே? அதை மெழுகில் பதித்து வைத்திருக்கிறார்களா?"

எங்கே இருக்கப் போகிறது? அது குப்பைக் கூடைக்குப் போய் நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. பெரியம்மா கேட்ட கேள்வி வேறு. "இதையும் எடுத்துட்டா, மறுபடி வருமா டாக்டரய்யா?" அதற்கு அந்த மருத்துவர் உடனே மறுமொழி கூறவில்லை. "அந்தச் சதை கையில் இருந்திருந்தால் இன்னும் கொஞ்சம் தெளிவாகச் சொல்லியிருப்பேன், அம்மா" என்றார்.

எந்த ஊர், எந்த மருத்துவர் என்று ஆராய்வது நம் நோக்கமன்று. சாட்சி இருந்தது, அதை எவரும் விசாரிக்கவில்லை என்பதே நாம் சொல்ல வருவது.

குர்துபா மருத்துவரின் நேர்மை

"மீண்டும் வருமா?" என்ற கேள்வி அறுவை சிகிச்சை அளவுக்குப் பழமையானது. ஸ்பெயினில் குர்துபா நகருக்கு அருகே மதீனத்துஸ் ஸஹ்ராவில் ஏறத்தாழ கி.பி. 936இல் பிறந்த அபுல் காசிம் அஸ்ஸஹ்ராவி, 30 பாகங்கள் கொண்ட 'அத்தஸ்ரீஃப்' என்னும் மருத்துவக் களஞ்சியத்தை எழுதினார். அதன் இறுதிப் பாகம் அறுவை சிகிச்சை பற்றியது. லத்தீனில் மொழிபெயர்க்கப்பட்டு, ஐரோப்பிய மருத்துவப் பள்ளிகளில் நூற்றாண்டுகள் கணக்கில் பயிலப்பட்ட பாகம் அது.

அந்நூலில் புற்றைப் பற்றி அவர் கூறும் கருத்து கவனத்திற்குரியது. புற்று சிறிதாக இருக்கும்போதே, முழுவதும் எடுக்கத்தக்க இடத்தில் இருந்தால் மட்டுமே கத்தி வைக்கலாம். பெரிதாகி நாட்பட்டுவிட்டதை நெருங்காதே என்கிறார். அப்படி முற்றியதைத் தாம் ஒருபோதும் குணப்படுத்தியதில்லை என்றும், வேறு எவரும் குணப்படுத்தக் கண்டதில்லை என்றும் ஒளிவுமறைவின்றி ஒப்புக்கொள்கிறார். தம் தோல்வியை நூலில் எழுதிவைக்கும் துணிவு எல்லா மருத்துவர்க்கும் வாய்ப்பதன்று. அவருக்குச் சற்றுப் பின்வந்த இப்னு சீனாவும், வெட்டுவதானால் நோயுற்ற பகுதி எதுவும் எஞ்சாதபடி சுற்றிலும் அகலமாக வெட்ட வேண்டும் என்று வலியுறுத்தினார்.

எஞ்சியது முளைக்கும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். ஆனால், எஞ்சியிருக்கிறதா என்பதைக் கண்டறிய அவர்களிடம் கண்ணும் கைவிரலும் தவிர வேறு கருவி இல்லை. கண்ணுக்குத் தெரியாத மீதத்தைக் காட்டிக் கொடுக்கும் சாட்சி வேண்டியிருந்தது. அது கிடைக்க இன்னும் 800 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

முதல் சாட்சி

1845ஆம் ஆண்டு. இலண்டனில் எலும்பு வலியால் துடித்துக்கொண்டிருந்த வணிகர் ஒருவரின் சிறுநீரை, அவருடைய மருத்துவர்கள் ஒரு குப்பியில் அடைத்து ஹென்றி பென்ஸ் ஜோன்ஸ் என்னும் இளம் மருத்துவ வேதியியல் அறிஞருக்கு அனுப்பினர். அந்தச் சிறுநீரிலிருந்த பொருள் விந்தையாக நடந்துகொண்டது. இளஞ்சூட்டில் திரிந்தது; கொதிக்க வைத்தால் கரைந்தது; ஆறினால் மறுபடி திரிந்தது. அது ஒரு புரதம் என்று ஜோன்ஸ் முடிவு செய்தார். அந்த நோயாளி 1846 பிறந்ததும் இறந்துபோனார். எலும்பு மஜ்ஜையைத் தாக்கும் புற்றுநோய் அவருடையது. உடலின் ஆழத்தில் ஒளிந்திருக்கும் புற்றை வெளியே காட்டிக் கொடுத்த முதல் புரதம் என்று மருத்துவ வரலாறு போற்றுவது இதைத்தான்.

நோயை எதிர்க்க உடல் உண்டாக்கும் எதிர்ப்புப் புரதத்தின் ஒரு துண்டே அது என்பது 1962இல்தான் நிறுவப்பட்டது. இச்செய்தியை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். கட்டுரையின் பிற்பகுதியில் இதே எதிர்ப்புப் புரதம் வேறொரு வேடத்தில் வரவிருக்கிறது.

எதிர்ப்புப் புரதத்திற்கு ஓர் இயல்பு உண்டு. அது தனக்குரிய ஒரு பொருளை மட்டுமே பற்றும், பிறவற்றைத் தொடாது. ஒரு பூட்டுக்கு ஒரு சாவி என்பதுபோல. 1941இல் ஆல்பர்ட் கூன்ஸ் என்பவர் அந்தச் சாவியில் ஒளிரும் சாயத்தை ஏற்றி, சதையின் எந்த மூலையில் எந்தப் பொருள் இருக்கிறது என்பதை நுண்ணோக்கியில் காணும் வழியைத் திறந்துவிட்டார். 1975இல் கேம்பிரிட்ஜில் கோலரும் மில்ஸ்டைனும் ஒரே வகை எதிர்ப்புப் புரதத்தை வேண்டிய அளவு உண்டாக்கும் முறையைக் கண்டனர். 1984இல் அதற்கு நோபல் பரிசு கிடைத்தது. இன்று பயாப்சிச் சதையில் குறித்த புரதங்களைத் தேடி ஆய்வுக்கூடத்தில் பூசப்படும் சாயச் சோதனைகள் பல அந்த முறையின் வாரிசுகளே.

சென்னையில் அவிழ்ந்த முறுக்கு

இனி நம் பெரியத்தாவின் தோளுக்குத் திரும்புவோம். அந்தக் கட்டியின் கதையில் சென்னைப் பல்கலைக்கழகத்திற்கு ஒரு பங்கு உண்டு என்பதை நம்மில் பலர் அறியார்.

நம் தோலுக்கு உறுதி தருவது கொலாஜன் என்னும் புரதம். எலும்பு, தசைநாண், தோல் எங்கும் பரவி, உடலிலுள்ள புரதங்களில் ஏறத்தாழக் கால் பங்குக்குக் குறையாமல் இருப்பது. அதன் வடிவம் என்ன என்று மேலைநாட்டு அறிஞர்கள் முட்டி மோதிக்கொண்டிருந்தபோது, 1952இல் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைக்குத் தலைவராக வந்தார் ஜி.என். இராமச்சந்திரன். அவருக்கு அப்போது வயது 30. பெங்களூரில் சர் சி.வி. இராமனிடம் பயின்று ஆராய்ந்த மாணவர் அவர். கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து, தசைநாணின் ஊடே எக்ஸ் கதிரைச் செலுத்திப் படமெடுத்து ஆராய்ந்தார். 1954, 1955ஆம் ஆண்டுகளில் 'நேச்சர்' இதழில் அவர்கள் அறிவித்த முடிவு: கொலாஜன் என்பது மூன்று இழைகள் ஒன்றையொன்று சுற்றி முறுக்கிக்கொண்ட கயிறு. நம் தாய்மார்கள் மூன்று காலெடுத்துச் சடை பின்னுகிறார்களே, அதை நினைவூட்டும் அமைப்பு. தோல் பதனிடுவதில் பேர்பெற்ற தமிழ்நாட்டிலேயே தோலின் அடிப்படைப் புரதம் தன் வடிவத்தை வெளியிட்டது பொருத்தமே.

பெரியத்தாவுக்கு வந்த புற்றை 1924இல் பிரான்சில் டேரியர், ஃபெராண்ட் ஆகிய இருவர் முதலில் தனி நோயாக விவரித்தனர். பத்து இலட்சம் பேரில் ஆண்டுக்கு ஒருசிலருக்கே வருவது. பிற உறுப்புகளுக்கு எளிதில் பரவாது. ஆனால், வெட்டிய இடத்திலேயே திரும்ப முளைப்பதில் பிடிவாதமானது. மேலே மொச்சைக் கொட்டை அளவாகத் தெரிந்தாலும் அடியில் அருகம்புல் வேர்போலப் பக்கவாட்டில் ஓடியிருக்கும். ஓரம் போதிய அளவு விடாமல் வெட்டினால் வேர் நின்றுவிடும்.

இந்நோய் உருவாகும் வகை 1997இல் வெளியாயிற்று. 17ஆம் குரோமோசோமில் இருக்கும் கொலாஜன் மரபணு உடைந்து, 22ஆம் குரோமோசோமில் உள்ள வேறொரு மரபணுவோடு ஒட்டிக்கொள்கிறது. அந்த இரண்டாவது மரபணு, செல்களை வளரத் தூண்டும் புரதம் ஒன்றை ஆக்குவது. வழக்கமாக அடங்கிக் கிடக்கும் அது, ஓயாமல் வேலை செய்யும் கொலாஜன் மரபணுவின் பிடியில் சிக்கியதும் தானும் ஓய்வறியாது கட்டளையிடுகிறது. செல்கள் பெருகுகின்றன, கட்டி எழுகிறது. சென்னையில் வடிவம் கண்டறியப்பட்ட அதே புரதத்தின் மரபணுதான் இங்கே தடம் புரள்கிறது. காரணம் தெரிந்ததால் மருந்தும் கிடைத்தது. அந்தத் தூண்டுதலைத் தடுக்கும் இமாட்டினிப் என்னும் மாத்திரையை, அறுவை செய்ய இயலாத நோயாளிகளுக்காக அமெரிக்க அரசு 2006இல் ஏற்றது.

இந்தக் கட்டியை அடையாளம் காட்டும் புரதம் சி.டி.34 எனப்படும். சதையில் சாயமேற்றிப் பார்த்தால் கட்டியின் செல்கள் பெரும்பாலும் அச்சாயத்தை ஏற்றுப் பளிச்சென்று தெரியும். சில கட்டிகளில், சில பகுதிகளில் மட்டும் சாயம் மங்கும் அல்லது மறைந்துவிடும். அந்தப் பகுதியில் செல்கள் குணம் மாறி, மூர்க்கமான வேறொரு சார்கோமாவாக உருவெடுத்திருக்கக் கூடும். அத்தகைய கட்டி திரும்ப வருவதற்கும் நுரையீரல் வரை பரவுவதற்கும் வாய்ப்பு அதிகம். சாட்சி பேசுவதைப் போலவே, சாட்சி திடீரென மௌனமாவதும் ஒரு செய்தி.

பெரியத்தாவின் முதல் சதை இருந்திருந்தால் அது எந்தப் பக்கம் பேசியிருக்கும்? நமக்குத் தெரியாது. மருத்துவர் தயங்கியது அதனால்தான். இரண்டாம் முறை நான்கு விரற்கடை அகலத்திற்குத் தோலை எடுத்து, தொடைத் தோலை ஒட்ட வேண்டியதாயிற்று.

குருதியில் வரும் சாட்சி

சதை கையில் இருந்தால் சாயமேற்றலாம். வெட்டி எடுத்து ஆண்டு பல ஆன பின்னர், உடலுக்குள் எங்கோ நோய் துளிர்க்கிறதா என்று அறிவது எப்படி? அதற்குக் குருதியில் மிதந்து வரும் சாட்சி வேண்டும்.

மெலனோமா என்னும் கருநிறத் தோல் புற்று வெள்ளையர் நாடுகளில் மிகுதி. நம் நாட்டில் அரிது. அரிது என்பதாலேயே நம்மவர் ஏமாறுகின்றனர். வெள்ளையருக்கு அது வெயில் படும் முதுகிலும் காலிலும் வருகிறது. நம்மைப் போன்ற நிறத்தார்க்கு உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தின் அடி, வாயின் உட்புறம் ஆகிய இடங்களில் வருவதே கணிசம். ஜமைக்கா நாட்டின் பாடகர் பாப் மார்லிக்கு 1977இல் கால்விரல் நகத்தின் அடியில் அது கண்டறியப்பட்டது. பந்தாட்டத்தில் பட்ட காயம் என்றே முதலில் எண்ணியிருந்தனர். நகத்தையும் அதனடிச் சதையையும் மட்டும் எடுத்தனர். 1980இல் நோய் உடலெங்கும் பரவியிருந்தது தெரியவந்தது. 1981 மே மாதம், 36ஆம் வயதில் மறைந்தார்.

1965இல் பிளேக் மூர் என்னும் அறிஞர் மாட்டின் மூளையிலிருந்து ஒரு புரதத்தைப் பிரித்தெடுத்தார். அம்மோனியம் சல்பேட் உப்பு 100 விழுக்காடு நிறைந்த கரைசலிலும் அது கரைந்தே இருந்ததால் எஸ்-100 என்று பெயரிட்டார். மூளைக்கு மட்டும் உரியது என்று கருதப்பட்ட அந்தப் புரதம் மெலனோமா செல்களிலும் இருப்பது 1980இல் தெரிந்தது. தோலுக்கு நிறமூட்டும் செல்லும் நரம்புச் செல்லும் கருவில் ஒரே இடத்திலிருந்து பிறந்தவை. எனவே அந்த ஒற்றுமை. பின்னர் அப்புரதத்தின் ஒரு வகையைக் குருதியில் அளக்கத் தொடங்கினர். அறுவைக்குப் பின் அதன் அளவு ஏறினால் நோய் மீள்கிறதோ என்று ஐயுற்றுத் தேடுவது ஜெர்மனி, சுவிட்சர்லாந்து நாடுகளின் மருத்துவர்களிடையே வழக்கமாயிற்று. அமெரிக்க மருத்துவர்கள் அந்த அளவுக்கு அதனை நம்பவில்லை. தலையில் அடிபட்டாலும் அது ஏறும்; நோய் சிறிதாய் இருக்கையில் ஏறாமலும் இருக்கும். ஒரே சாட்சியை இரு மன்றங்கள் இரு வகையாக எடைபோடுகின்றன.

உடலே எழுப்பும் சாட்சி

மீளும் நோயை முன்னறிவிப்பதில் இன்றுவரை கிடைத்த சாட்சிகளுள் குறிப்பிடத்தக்கது மெர்க்கெல் செல் புற்றுக்கு உரியது. முதியோர்க்கு, வெயில் படும் முகத்திலும் கழுத்திலும் கைகளிலும், வலியற்ற சிவந்த கட்டியாக எழுந்து விரைந்து வளர்வது. மெலனோமாவினும் அரிது, அதனினும் கொடிது. 1875இல் ஜெர்மானியரான ஃபிரீட்ரிக் மெர்க்கெல் தோலில் தொடுவுணர்வுக்குரிய செல்களை விவரித்தார். 1972இல் சிரில் டோக்கர் இந்தப் புற்றைத் தனி நோயாக இனம் பிரித்தார். அச்செல்லின் பெயரே நோய்க்கும் நிலைத்தது.

2008இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் யுவான் சாங், பேட்ரிக் மூர் என்னும் அறிவியல் இணையரின் குழு, இந்தக் கட்டிகளில் பெரும்பாலானவற்றுள் இதுவரை அறியப்படாத வைரஸ் ஒன்று புகுந்திருப்பதைக் கண்டது. அந்த வைரஸ் நம்மில் மிகப் பலரின் தோலில் தீங்கின்றிக் குடியிருப்பதே. எங்கோ ஒருவருக்கு மட்டும் அது செல்லின் மரபணுவோடு பின்னிக்கொண்டு, செல்லை அடங்காமல் பெருகச் செய்யும் புரதமொன்றை ஆக்குகிறது.

அந்நியமான இந்தப் புரதத்தைக் கண்ட உடல் வாளாவிருப்பதில்லை. அதற்கெதிராக எதிர்ப்புப் புரதத்தை உண்டாக்குகிறது. நோயை விரட்ட அது போதவில்லை என்றாலும் செய்தி சொல்லப் போதும். கட்டி இருக்கும்வரை வைரஸ் புரதம் இருக்கும். அது இருக்கும்வரை எதிர்ப்புப் புரதமும் ஊறும். கட்டி முழுதும் நீங்கினால் எதிர்ப்புப் புரதத்தின் அளவு மாதத்திற்கு மாதம் இறங்கும். இறங்கியது மறுபடி ஏறினால்? எங்கோ மறைவில் கட்டி துளிர்க்கிறது என்று பொருள் கொள்ளலாம். 1845இல் இலண்டன் குப்பியில் தோன்றிய எதிர்ப்புப் புரதத் துண்டைப் புற்றே உண்டாக்கியது. இங்கே புற்றைப் பிடிக்க உடல் எழுப்பிய புரதமே சாட்சிக் கூண்டில் ஏறுகிறது.

சியாட்டில் நகர ஆய்வாளர்கள் இந்தச் சோதனையை 2010இல் அறிவித்தனர். பின்னர், புதிதாக நோய் கண்ட 219 பேரைத் தொடர்ந்து கவனித்து 2017இல் முடிவுகளை வெளியிட்டனர். அவர்களுள் ஏறத்தாழப் பாதிப் பேரிடம், 114 பேரிடம், அந்த எதிர்ப்புப் புரதம் இருந்தது. தொடக்கத்திலேயே அது இருந்தவர்க்கு, இல்லாதவர்களைவிட நோய் மீளும் அபாயம் 42 விழுக்காடு குறைவு. இருந்தவர்களில், அளவு இறங்கிவந்தவர்க்கு நோய் மீளவில்லை என்று 97 விழுக்காடு உறுதியாகக் கூற முடிந்தது. அளவு ஏறியவர்களில் 66 விழுக்காட்டினர்க்கு, அதாவது மூவரில் இருவர்க்கு, நோய் மீண்டிருந்தது.

இந்நோய் உடையவர்களை நெடுங்காலம் கவனித்த இன்னோர் ஆய்வு 2022இல் வெளிவந்தது. 618 பேரில் 5 ஆண்டுகளுக்குள் 40 விழுக்காட்டினர்க்கு நோய் திரும்பியது. திரும்பியவற்றில் 95 விழுக்காடு முதல் 3 ஆண்டுகளுக்குள். மூன்று மாதத்திற்கொருமுறை ஒரு சிறு குப்பி இரத்தம் கொடுப்பது எத்துணைப் பயனுடையது என்பதை இந்த எண்களே காட்டும். 2017இல் இந்நோய்க்கு, உடலின் எதிர்ப்பாற்றலை விழிக்கச் செய்யும் அவெலுமாப் என்னும் மருந்தும் அமெரிக்காவில் ஏற்கப்பட்டுவிட்டதால், முன்கூட்டி அறிவதற்கு முன்னிலும் பொருள் கூடியிருக்கிறது.

சாட்சி வேறு, தீர்ப்பு வேறு

ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. மூவரில் இருவர்க்கு என்றால், மூன்றாமவர்க்கு அந்த ஏற்றம் வீண் அச்சமே. ஆதலின் அளவு ஏறியதும் மருத்துவர் செய்வது மறுபடி அறுப்பதன்று, படமெடுத்துத் தேடுவது. எதிர்ப்புப் புரதம் தொடக்கத்திலேயே இல்லாதவர்க்கு இச்சோதனை பின்னர் உதவாது. அவர்களைப் படங்கள் எடுத்தே கண்காணிக்க வேண்டும். தொடக்கத்தில் ஒருமுறை அளந்து எழுதி வைக்காதவர்க்கு, பின்னால் வரும் எண் எவ்வளவாயினும் அது ஏற்றமா, இறக்கமா என்று சொல்ல வழியில்லை.

சாட்சி சொல்வதைக் கேட்டு மேலும் விசாரிப்பதே நீதி; சாட்சி வாய் திறந்ததும் தண்டனை எழுதுவது நீதியன்று. நோயிலும் அப்படித்தான்.

தீவில் பிறந்தவரின் ஒளி

சதையைக் கீறாமல், இரத்தம் எடுக்காமல், தோலிலுள்ள புரதங்களை நேரே படிக்க இயலுமா? இங்கேதான் நாம் திருவானைக்காவலுக்குத் திரும்புகிறோம்.

பொருளிலிருந்து வரும் ஒளி கண்ணில் புகுவதாலேயே பார்வை உண்டாகிறது என்று இப்னுல் ஹைஸம் 11ஆம் நூற்றாண்டில் நிறுவினார். ஒரு பொருளின் மூலக்கூறில் பட்டுச் சிதறும் ஒளியில் மிகச் சிறு பகுதி தன் நிறத்தை மாற்றிக்கொண்டு வருகிறது என்று 1928 பிப்ரவரி 28ஆம் நாள் கல்கத்தாவில் கே.எஸ். கிருஷ்ணனின் துணையோடு கண்டார் இராமன். 1930இல் நோபல் பரிசு பெற்றார். நிறம் எவ்வளவு மாறியது என்பது அந்தந்த மூலக்கூறின் கைரேகை. கொழுப்புக்கு ஒரு ரேகை, நீருக்கு ஒன்று, புரதத்திற்கு வேறொன்று.

அந்த மங்கிய ஒளியைப் பிடிக்க 1960இல் பிறந்த லேசர் துணைசெய்தது. 2012இல் கனடாவின் வான்கூவர் நகர மருத்துவர்கள், 453 பேரின் தோலில் இருந்த 518 புள்ளிகள், கட்டிகள் மீது லேசர் ஒளியைப் பாய்ச்சி, சிதறி வரும் இராமன் ஒளியை ஒரு நொடிக்குள் படித்து, புற்றையும் புற்றல்லாததையும் பிரித்தறிய முயன்ற ஆய்வை வெளியிட்டனர். இது நோயை இனங்காணும் முயற்சி. மீளுமா என்று முன்னறிவிக்கும் சோதனை அன்று. பயாப்சியின் இடத்தை அது பிடித்துவிடவுமில்லை. எனினும், காவிரித் தீவில் பிறந்த ஒருவர் கண்ட ஒளி, தோலின் புரதங்களைக் கத்தியின்றிப் படிக்கும் கருவியாகியிருக்கிறது என்பது திருச்சி மக்கள் பெருமையோடு நினைக்கத்தக்கது.

நம் வீட்டுக் கடமை

திருச்சிக்குத் தெற்கே புதுக்கோட்டையில் 1886இல் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். அந்நோயைத் தொடக்கத்தில் சீதபேதி என்று தவறாகக் கருதியிருந்தனர். அந்தத் துயரமே 1954இல் அடையாற்றில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் நிலையமாக எழுந்தது. அவ்வம்மையாரின் பாடம் எளியது: நோயைக் காலத்தே இனங்காணாததே முதல் குற்றம்.

நம் இல்லங்களில் அந்தக் குற்றம் பல வடிவங்களில் நடக்கிறது. புற்று என்ற சொல்லையே வாயால் சொல்ல அஞ்சுகிறோம். பெண் கேட்டு வருபவர்கள் அறிந்துவிடுவார்களோ என்று பயாப்சித் தாளைக் கிழித்துப் போடுகிறோம். தையல் பிரித்ததும் நோய் முடிந்தது என்று மகிழ்கிறோம். மூன்றாம் மாதம் வரச் சொன்ன தேதியில் கடையில் சரக்கு இறங்குகிறது என்று போகாமல் இருந்துவிடுகிறோம். பின்னர் விதியை நொந்துகொள்கிறோம்.

உடலிலிருந்து வெட்டி எடுக்கப்படும் சதை எதுவாயினும், கடுகளவாயினும், சோதனைக்கு அனுப்பும்படி கேட்போம். அந்தத் தாளைப் பத்திரத்தோடு பத்திரமாகப் பேழையில் வைப்போம். மருத்துவர் குறித்த தேதியைத் திருமண நாளைப்போல மதிப்போம். நாள்தோறும் உளூச் செய்கையில் கால் கழுவும் நாம், கழுவும் காலின் அடியையும் ஒருமுறை நோக்குவோம். புதிதாக ஒரு கரும்புள்ளி, ஆறாத ஒரு புண், நகத்தில் ஒரு கருங்கோடு தென்பட்டால் காட்டிவிடுவோம்.

நம் பெரியத்தா இப்போது தேதி தவறுவதில்லை. இரவு ரயிலில் சென்னை சென்று, தோளைக் காட்டிவிட்டு, மறுநாள் காலை காவிரிக்கரைக்குத் திரும்பிவிடுகிறார். கைப்பையில் ஒரு மஞ்சள் உறை. அதனுள் நான்கு ஆண்டுத் தாள்கள் தேதி வாரியாக அடுக்கப்பட்டிருக்கின்றன. பெரியம்மா இன்னமும் ஒவ்வொரு முறையும் அதே கேள்வியைத்தான் கேட்கிறார்: "மறுபடி வருமா?"

மருத்துவர் இப்போது தயங்குவதில்லை. "வந்தால் முதலில் தெரிந்துகொள்வோம், அம்மா" என்கிறார்.